பத்திரிகைச் சுதந்திரம் யாருக்குச் சொந்தம்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

எங்கள் ஊர் டீக்கடைக்கு இரண்டு பேப்பர் வரும். அஞ்சாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவது என் வேலை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் வக்கீல் கேள்வியாக இருக்கும்.

போன வருஷம் எங்கள் தெருக் கிணற்றில் சாயத்தண்ணி இறங்கி, இறைத்தால் வாளியில் செக்கச்செவேலென்று வந்தது. ஊர்ச் சனம் குடத்தோடு போய் ரோட்டில் உட்கார்ந்தது. இரண்டு பேப்பர் நிருபர்களும் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். மறுநாள் ஒரு பேப்பரில் நாலு வரி வந்தது. இன்னொன்றில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருந்தது. கடையும் சாயப்பட்டறையும் ஒரே முதலாளியுடையவை. விளம்பரத்துக்காகத்தான் செய்தியை விட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. டீக்கடையில் மட்டும் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, நம்ம சேதியக் கட்டாயம் போடோணும்னு ஒரு சட்டங்கூட இல்லியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யும் விதம் தெரியும், அதில் யார் பேசலாம் என்கிற சட்டம் தெரியாது. நூலகத்தில் தேடினேன், எங்கள் பக்கத்து வக்கீல் ஒருவரிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்தில் 'பத்திரிகை' என்ற சொல்லே இல்லை!

நம் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் எல்லாருக்கும் பேச்சுரிமையும் கருத்தை வெளியிடும் உரிமையும் தருகிறது. அதில் 'பத்திரிகை' என்று தனியாக ஒரு வார்த்தை கிடையாது. அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி வந்தபோது டாக்டர் அம்பேத்கர் விளக்கம் சொன்னார்: பத்திரிகை என்பதும் குடிமகன் பேசுகிற ஒரு வழிதான், அதற்கென்று தனி உரிமை தேவையில்லை. அதாவது ஆசிரியருக்கு இருக்கிற அதே உரிமைதான் எங்கப்பாவுக்கும்.

அந்த உரிமையின் எல்லை எது என்ற முதல் பெரிய வழக்கே நம் மாநிலத்தில் இருந்து போனதுதான். பம்பாயில் இருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழை, 1950 மார்ச்சில் சென்னை மாகாண அரசு உள்ளே வரவிடாமல் தடை செய்தது. அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. பொது அமைதி என்று பொதுவாகச் சொல்லிப் பத்திரிகையைத் தடுக்க முடியாது, தடை செல்லாது என்றது நீதிமன்றம். அச்சடிக்கிற உரிமை மட்டும் போதாது, அச்சடித்தது வாசகன் கைக்குப் போய்ச் சேருகிற உரிமையும் சேர்ந்ததுதான் பேச்சுரிமை என்பது அந்தத் தீர்ப்பு தந்த பாடம். அதே நாளில், நேர் எதிர் கொள்கை கொண்ட 'ஆர்கனைசர்' இதழுக்கும் சாதகமாகத் தீர்ப்பு கிடைத்தது. இடதாக இருந்தாலும் வலதாக இருந்தாலும் தராசு ஒன்றுதான்!

அடுத்த வருஷமே, 1951இல், முதல் திருத்தத்தின் மூலம் பொது ஒழுங்கு முதலான காரணங்களை 19(2) பிரிவில் சேர்த்தார்கள். 1963 திருத்தத்தோடு இப்போது அதில் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்பு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்த எட்டில் ஒன்றுக்காக மட்டுமே பேச்சுக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்.

இந்தப் பட்டியலை நன்றாகக் கவனியுங்கள். 'பொதுமக்கள் நலன்' என்ற வார்த்தை இதில் இல்லை. வியாபாரம் செய்யும் உரிமையைப் பொதுமக்கள் நலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று 19(6) சொல்கிறது. பேச்சுரிமைக்கு அப்படி இல்லை. அப்படியானால் பத்திரிகை என்பது பேச்சா, வியாபாரமா? சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

விலைக்கு ஏற்ற பக்கம்

நம் மலரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அட்டையும் அச்சுக்கூலியும் நாம் தரும் சந்தாவில் அடங்காது. கடைவீதியில் ஏறி இறங்கி வாங்கிய விளம்பரப் பணத்தில்தான் மலர் மலர்கிறது. விளம்பரம் நிறைய வந்தால் பக்கம் கூடும், இல்லாவிட்டால் நல்ல கட்டுரையாக இருந்தாலும் வெளியே நிற்கும். தினசரிக்கும் இதே கணக்குதான். விளம்பரம் குவிகிற பெரிய பத்திரிகை, காகிதம் வாங்கிய விலைக்கும் குறைவாகப் பேப்பரை விற்க முடியும். விளம்பரம் இல்லாத சின்னப் பத்திரிகை அதே விலைக்குப் பாதிப் பக்கம்தான் கொடுக்க முடியும். வாங்குபவர் எதை வாங்குவார்? பெரியது மேலும் பெரியதாகும், சின்னது மூச்சு முட்டி நின்றுபோகும்.

1952இல் அமைந்த முதல் பத்திரிகைக் கமிஷன் இதைக் கவனித்தது. இத்தனை பைசாவுக்கு இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்டினால் சின்னப் பத்திரிகைகள் பிழைக்கும் என்று யோசனை சொன்னது. அதன்படி 1956இல் ஒரு சட்டமும் 1960இல் ஒரு ஆணையும் வந்தன. புணேயில் 1932இல் தொடங்கிய 'சகாள்' என்ற மராத்தி நாளிதழ் அப்போது 7 நயா பைசாவுக்கு விற்றது. ஆணைப்படி அது ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தைக் குறைக்க வேண்டும். 'சகாள்' வழக்குப் போட்டது.

1961 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் ஆணையையும் செல்லாது என்றது. காரணம் எளிது. விலையை ஏற்றினால் வாங்குபவர்கள் குறைவார்கள். பக்கத்தைக் குறைத்தால் சொல்லும் விஷயம் குறையும். இரண்டுமே பேச்சைத்தான் சுருக்குகின்றன. சின்னவர்களைக் காப்பது நல்ல நோக்கமாக இருக்கலாம். ஆனால் அது 19(2)இன் பட்டியலில் இல்லை. ஒருவர் குரல் ஓங்கட்டும் என்பதற்காக இன்னொருவர் குரலை அமுக்கக் கூடாது.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும்தானா சுதந்திரம் என்று தோன்றியது. அடுத்த வழக்கைப் படித்த பிறகுதான் நீதிமன்றத்தின் பயம் புரிந்தது.

காகிதம் தருகிற கை

அந்தக் காலத்தில் பத்திரிகைக் காகிதம் வெளிநாட்டில் இருந்து வந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. அதனால் யாருக்கு எவ்வளவு காகிதம் என்று மத்திய அரசுதான் அளந்து கொடுத்தது. 1972-73ஆம் ஆண்டின் காகிதக் கொள்கை, எந்தப் பத்திரிகையும் 10 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. ஒரே நிர்வாகத்தில் பல பத்திரிகைகள் இருந்தால், தனக்குக் கிடைத்த காகிதத்திலேயேகூடப் புதுப் பத்திரிகையோ புதுப் பதிப்போ தொடங்கக் கூடாது என்றது. பெரிய நிறுவனங்களின் ஏகபோகத்தைத் தடுக்கத்தான் இது என்று அரசு சொன்னது.

'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1972 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் 10 பக்க வரம்பைச் செல்லாது என்றார்கள். காகிதத்தைப் பங்கிடும் அதிகாரம் வேறு, பத்திரிகை எவ்வளவு பெரியதாக வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறு என்பது அவர்கள் கருத்து. யோசித்துப் பாருங்கள்! இன்றைக்குச் சின்னவர்களுக்காகப் பக்கத்தைக் குறைக்கும் அதே கை, நாளைக்குத் தன்னைத் திட்டுகிறவன் பக்கத்தையும் குறைக்காதா? மூன்றே வருஷத்தில், 1975 நெருக்கடி நிலையில் பத்திரிகைகள் தணிக்கைக்குக் கட்டுப்பட்டு வந்த கதையை நம் பெரியவர்கள் மறக்கவில்லை.

ஆனாலும் மாறுபட்ட அந்த ஐந்தாவது நீதிபதியின் தீர்ப்புதான் என் மனதில் நின்றது. அவர் நீதிபதி கே.கே. மேத்யூ. பேச்சுரிமை என்பது பேசுகிறவருக்கு மட்டும் உரியதல்ல, பல தரப்பையும் கேட்டு முடிவெடுக்க வேண்டிய மக்களுக்கும் உரியது என்று அவர் வாதிட்டார். கருத்துச் சந்தையின் வாசலைச் சிலர் மட்டும் அடைத்துக்கொண்டால், மற்றவர்களுக்குச் சட்டம் தரும் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்தானே? பின்னாளில் இரண்டாம் பத்திரிகைக் கமிஷனுக்கு அவரே தலைமை ஏற்றார். 1982இல் வந்த அதன் அறிக்கை, பத்திரிகைகளை மற்றத் தொழில்களின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சொன்னது. சாயப்பட்டறையும் பத்திரிகையும் ஒரே கையில் இருந்தால் கிணற்றுச் செய்தி வருமா என்பதுதான் அதன் சாரம். அந்தப் பரிந்துரை சட்டம் ஆகவில்லை.

மறுப்பைப் போட வைத்த வழக்கு

எங்கப்பா கேட்ட கேள்விக்கு மிகப் பக்கத்தில் வருகிற வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஆமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் மனுபாய் ஷா, எல்.ஐ.சி. பாலிசிதாரர்களுக்குப் பாதகமாக நடக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதற்கு மறுப்பு எழுதிய எல்.ஐ.சி. உறுப்பினரின் கட்டுரை 'தி இந்து'வில் வந்தது. ஷாவின் பதிலையும் 'தி இந்து' வெளியிட்டது. எல்.ஐ.சி.யோ தன் 'யோகக்ஷேமா' இதழில் தன் தரப்பை மட்டும் போட்டுவிட்டு, ஷாவின் பதிலைப் போட மறுத்தது. எங்கள் இதழ், எங்கள் இஷ்டம் என்பது அதன் வாதம்.

1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்.ஐ.சி. அரசின் அங்கம், மக்கள் பணத்தில் நடப்பது, ஆகவே மறுதரப்பையும் வெளியிட வேண்டும் என்றது. அரசு நிறுவனத்துக்குப் பொருந்திய இந்த வாதம் தனியார் பத்திரிகைக்குப் பொருந்தாது. எதைப் போடுவது, எதை விடுவது என்பது அதன் பேச்சுரிமை. சும்மா இருக்கும் உரிமையும் அதில் அடக்கம்.

ஆகாயத்துக்குப் பட்டா உண்டா?

காகிதத்தை விட்டு நம் துறைக்கு வருவோம். காகிதம் இருந்தால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வானொலி அப்படியல்ல. பண்பலைக்கு நம்மிடம் இருப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைதான், மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 25 நிலையங்களுக்குத்தான் இடம். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காது. ஆகவே யாராவது பங்கிட்டே ஆக வேண்டும். யார், எப்படி?

இதற்கு விடை ஒரு கிரிக்கெட் வழக்கில் கிடைத்தது. 1993 நவம்பரில் நடந்த ஹீரோ கோப்பை ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷனும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் எதிர்த்தன. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி, ஒளிபரப்பு அரசின் தனி உரிமை என்றார்கள். 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: அலைவரிசைகள் பொதுச் சொத்து. அவற்றை மக்கள் நலனுக்காக ஒரு சுதந்திரமான பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும். நீதிபதி ஜீவன் ரெட்டி தன் தீர்ப்பில் இன்னும் ஒரு படி போனார். ஒளிபரப்பில் அரசின் ஏகபோகமும் வேண்டாம், தனியாரின் ஏகபோகமும் வேண்டாம், பல கருத்துகளும் ஒலிக்க வேண்டும் என்றார். 1961இல் 'சகாள்' வழக்கில் வெளியே நின்ற பன்மைக் குரல், 34 வருஷம் கழித்து ஆகாயத்து வழியாக உள்ளே வந்தது!

ஒரு சின்னக் கணக்கு

ஒரே முதலாளி பேப்பரும் சேனலும் கேபிளும் வைத்திருந்தால் ஆபத்து என்று எல்லாரும் சொல்கிறோம். எவ்வளவு இருந்தால் ஆபத்து? இதை அளக்க ஒரு குறியீடு உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஹெர்ஃபின்டால் குறியீடு என்று பெயர்.

பத்துப் பத்திரிகைகள் தலைக்கு 10 சதவீதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 100, மொத்தம் 1,000. ஐந்து பத்திரிகைகள் 40, 30, 15, 10, 5 சதவீதம் என்றால் 1,600 + 900 + 225 + 100 + 25 = 2,850. ஒரே பத்திரிகைதான் என்றால் 10,000. எண் ஏற ஏற, குரல்கள் குறைகின்றன என்று பொருள்.

2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஊடக உடைமை பற்றிய தன் பரிந்துரையில் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு மாநில மொழிச் சந்தையில், செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் தனித்தனியே 1,000க்கு மேல் பங்களிக்கும் நிறுவனம், இரண்டில் ஒன்றில் தன் பிடியைத் தளர்த்த வேண்டும். 1,000க்கு வர்க்கமூலம் 31.6. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அரசியல் கட்சிகள், மத அமைப்புகள், அரசுத் துறைகள் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது என்றும் அது கூறியது. பொழுது விடிந்தால் எந்தக் கட்சிக்கு எந்தச் சேனல் என்று சொல்லத் தெரிந்த நமக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. இதுவும் பரிந்துரையாகவே நின்றது. 1997இல் ஒலிபரப்பு மசோதா ஒன்று வந்து, மக்களவை கலைந்ததும் காலாவதியான கதைக்கு இது தம்பி.

பக்க வரம்புக்கும் உடைமை வரம்புக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் எண்ணம். பக்க வரம்பு ஒருவர் எவ்வளவு பேசலாம் என்று அளக்கிறது. உடைமை வரம்பு ஒரே ஆள் எத்தனை வாயால் பேசலாம் என்று கேட்கிறது. ஆனால் எண்ணுவது அரசின் கையில் இருந்தால், முதல் பயம் திரும்ப வரும். அதனால்தான் 1995 தீர்ப்பு 'சுதந்திரமான அமைப்பு' என்று அழுத்திச் சொன்னது.

நூறு வாட்டில் ஒரு குரல்

இருக்கிற கதவை அடைப்பதைவிடப் புதுக் கதவு திறப்பது நல்ல வழி. அப்படித் திறந்த ஒன்று சமுதாய வானொலி. 2002 டிசம்பரில் கல்வி நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி என்ற பெருமை அதற்கு உண்டு. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வந்தது. 2008இல் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில், தலித் பெண்களே நடத்தும் 'சங்கம் வானொலி' ஒலிக்கத் தொடங்கியது. விதையும் மழையும் பாட்டும் அவர்கள் பேச்சில், அவர்கள் வாயாலேயே!

இவற்றின் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. நம் ஆய்வகத்தில் கற்கிற சர்க்யூட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எது? குறையும் உண்டு. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இந்த நிலையங்களுக்கு அனுமதி தரப்படவில்லை. கிணற்றைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லலாம், கெடுத்தது யார் என்று செய்தி வாசிக்கக் கூடாது!

"இப்பத்தான் கையில போன் இருக்கே?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். 2015இல் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இணையத்தில் பேசுகிறவர்களுக்கும் அதே 19(1)(அ) கவசம் உறுதியானது. எங்கள் கிணற்றை என் நண்பனும் வீடியோ எடுத்துப் போட்டான். ஊரில் எல்லாரும் பார்த்தோம். எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அங்கேயும் எதை யார் கண்ணில் காட்டுவது என்று முடிவு செய்வது சில கம்பெனிகள்தானே?

அப்பாவுக்குச் சொன்ன பதில்

எல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "நம்ம சேதியப் போடச் சொல்லி ஒரு பேப்பரக் கட்டாயப்படுத்த முடியாதுப்பா. அப்படி ஒரு சட்டம் வந்தா, நாளைக்குப் போடாதேன்னும் சொல்லும். ஒருத்தர் போடலீன்னா இன்னொருத்தர் போடற மாதிரி, நாலு பேப்பர் நாலு ஆள் கையில இருக்கோணும். அதுக்குத்தான் வழி பண்ணோணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த நாலு வரி போட்ட பேப்பரக் கடையில நிறுத்திப்புட்டாங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. ஹாஸ்டலில் இருந்து மாதம் ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன். கடைக்காரர் காரணம் சொன்னாராம்: ரெண்டும் ஒரே விலை, இது பக்கம் கம்மி.

1956ஆம் ஆண்டுச் சட்டம் கவலைப்பட்ட விஷயம் எங்கள் டீக்கடை பெஞ்சிலேயே நடந்திருக்கிறது! சட்டம் அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்று 'சகாள்' தீர்ப்பு சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது நாம்தான்.

மறுநாள் காலையில் அப்பா கடைக்காரரிடம் போய், "அந்தப் பேப்பரையும் வாங்கிப் போடுங்க. ஆளுக்குப் பத்து ரூவா நாங்க போட்டுக்கறோம்" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சரி என்றார்கள்.

நண்பர்களே, நம் விடுதிப் படிப்பறையில் எத்தனை பேப்பர் வருகிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், இரண்டாவதற்கு என் பங்கு பத்து ரூபாயை முதலில் வைக்கிறேன்.